வானத்துக் கண்ணும் வயற்புகையும்

நெருப்பில்லாமல் புகையாது என்பது நாம் வழிவழியாகக் கேட்டுவரும் பழமொழி. ஊரில் எங்கேனும் புகை எழுந்தால், எவர் வீட்டுக் கூரையோ, எவர் வைக்கோற்போரோ என்று பதறி ஓடிப்போய்ப் பார்ப்பது நம் முன்னோர் வழக்கம். இன்று அப்புகையைப் பார்ப்பவர்கள் ஊரார் மட்டும் அல்லர். தரைக்கு மேலே 800 கிலோமீட்டருக்கும் அதிகமான உயரத்தில் பூமியைச் சுற்றிவரும் செயற்கைக்கோள்கள், நெருப்பையும் புகையையும் நாள் தவறாமல் பார்த்துக் கணக்கெடுத்து வருகின்றன. காட்டில் தானே பரவிய தீயாயினும் சரி, அறுவடை முடிந்த வயலில் உழவர் தம் கையால் இட்ட தீயாயினும் சரி, அவற்றின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே.

இக்கணக்கு உழவர்களின் வாழ்வை நேராகத் தொடுகின்ற இடம் வட இந்தியாவின் பஞ்சாப் மாநிலம். அங்கே செயற்கைக்கோள் படத்தில் ஒரு புள்ளி தோன்றினால், அதன் பேரில் அதிகாரி வயலுக்கு வருகிறார். அபராதம் விதிக்கப்படுகிறது. நிலப் பதிவேட்டில் சிவப்பு மையால் குறிப்பெழுதும் முறையும் உண்டு. அக்குறிப்பு விழுந்த நிலத்தின் பேரில் கடன் பெறுவது கடினம். கடனும் நிலமும் ஓர் உழவர் குடும்பத்துக்கு எத்தகையவை என்பதைக் கூட்டுறவு அங்கத்தினர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே, அந்தப் புள்ளி எவ்வாறு உண்டாகிறது, அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதைச் சற்று விரிவாக ஆராய்வது பயனுடையது எனக் கருதுகிறோம்.

இருபது நாள் நெருக்கடி

வைக்கோலைக் கொளுத்துகிறார்கள் என்று கேட்டால் நம் பக்கத்துக் குடியானவர்கள் வியப்படைவார்கள். நமக்கு வைக்கோல் மாட்டின் உணவு. போர் போட்டுக் காக்கும் பொருள். பஞ்சாபிலோ மாட்டுக்குப் பெரும்பாலும் கோதுமைத் தாளையே இடுகிறார்கள். பாசுமதி அல்லாத நெல்லின் வைக்கோலில் மணற்சத்து மிகுதியாதலால் அதைத் தீவனமாகக் கொள்ளும் வழக்கம் அங்கே குறைவு. ஆண்டுதோறும் ஏறத்தாழ 30 லட்சம் ஹெக்டேரில் நெல் விளையும் அம்மாநிலத்தில், சுமார் 2 கோடி டன் வைக்கோல் சேருகிறது.

அறுவடை பெரும்பாலும் யந்திரத்தால் நடைபெறுகிறது. அறுவடை யந்திரம் கதிரை மட்டும் கொய்துகொண்டு, முழங்கால் உயரத்துக்குச் சற்றுக் குறைவாகத் தாளை நிற்கவிட்டு, மீதி வைக்கோலை வரிசையாகக் கொட்டிச் செல்கிறது. அதன்மேல் சாதாரண விதைப்புக் கருவியை ஓட்டினால் வைக்கோல் கருவியில் சிக்கிக்கொள்ளும். அடுத்த பயிராகிய கோதுமையை நவம்பர் முற்பாதியில் விதைத்தால்தான் நல்ல விளைச்சல் கிடைக்கும்.

இந்நெருக்கடியை மிகுவித்தது ஒரு நல்ல நோக்கமுடைய சட்டம். நிலத்தடி நீர் ஆண்டுக்கு ஆண்டு கீழே போவதைக் கண்டு, பஞ்சாப் அரசு 2009ஆம் ஆண்டில், ஜூன் 10ஆம் தேதிக்கு முன்பு நெல் நடவு செய்யலாகாது என்று சட்டம் இயற்றியது. கடுங்கோடையில் நீர் இறைப்பது அதனால் தவிர்க்கப்பட்டது. ஆனால் நடவு தள்ளிப்போனதால் அறுவடையும் தள்ளிப்போயிற்று. நெல்லறுப்புக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையே பல வயல்களில் இருபது நாட்களே எஞ்சின. ஒரு தீக்குச்சியின் விலை எல்லாருக்கும் தெரியும். வைக்கோலை அகற்றும் ஆட்கூலியும் யந்திர வாடகையும் அதற்கு எத்தனை மடங்கு என்பதும் தெரியும். உழவர் கொளுத்துவது கொடுமனத்தினால் அன்று. காலமும் காசும் அவரை அவ்விடத்துக்குத் தள்ளுகின்றன.

படம் நெய்யப்படும் விதம்

இனி, மேலிருந்து பார்க்கும் கண்ணைப் பற்றிச் சொல்வோம்.

வானிலையைப் பார்ப்பதற்கென்று முதல் செயற்கைக்கோளாகிய டைரோஸ்-1, 1960 ஏப்ரல் 1ஆம் தேதி அமெரிக்காவிலிருந்து ஏவப்பட்டது. அது மேகங்களைக் காட்டியது. தீயை நாள்தோறும் உலகெங்கும் கணக்கெடுக்கும் வசதி, 1999இல் ஏவப்பட்ட டெர்ரா, 2002இல் ஏவப்பட்ட அக்வா என்னும் இரண்டின் வழியே கைகூடியது. அவற்றில் அமைந்த மோடிஸ் என்னும் கருவி, தீயைத் தேடும்போது பூமியை 1 கிலோமீட்டர் அளவுள்ள சதுரங்களாகப் பிரித்துப் பார்த்தது. பின்னர் 2011இல் சுவோமி என்.பி.பி., 2017இல் நோவா-20, 2022இல் நோவா-21 ஆகியவை மேலே சென்றன. இவற்றிலுள்ள விர்ஸ் என்னும் கருவி 375 மீட்டர் சதுரங்களாகப் பார்க்க வல்லது.

இக்கருவி படம் எடுக்கும் விதத்தை நெசவாள அங்கத்தினர்கள் எளிதில் உணர்வார்கள். செயற்கைக்கோள் வடக்கும் தெற்குமாகத் துருவங்களை ஒட்டி ஓடும் பாதையைப் பாவு எனக் கொள்வோம். அதனுள் சுழலும் ஆடி, தன் பார்வையைப் பாதைக்குக் குறுக்கே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் செலுத்துகிறது. இது நாடா ஓடுவதை ஒத்தது. ஒவ்வோர் ஓட்டத்திலும் ஊடைபோல வரிசைகள் சேருகின்றன. இவ்வாறு சுமார் 3,000 கிலோமீட்டர் அகலமுள்ள படத்துணி இடைவிடாமல் நெய்யப்பட்டு வருகிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 14 சுற்று. பூமி கீழே சுழன்றுகொண்டே இருப்பதால், ஒவ்வொரு சுற்றிலும் வேறொரு நிலப்பகுதி அகப்படும். ஓர் ஊரின் மேல் இது பகலில் ஒன்றரை மணியை ஒட்டியும், இரவில் ஒன்றரை மணியை ஒட்டியும் கடந்து செல்கிறது. இந்த நேரத்தை அங்கத்தினர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னால் இது பெரிய விவகாரமாயிற்று.

அத்தனை உயரத்திலிருந்து நெருப்பு எப்படித் தெரிகிறது? கொல்லன் உலையில் காயும் இரும்பு சிவப்பதற்கு முன்னமே, அருகில் கையைக் கொண்டுசென்றால் சூடு உறைக்கிறது. கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர் அதிலிருந்து வீசுவதே காரணம். சூடுள்ள பொருள் யாவும், நாம் நிற்கும் தரையும்கூட, இக்கதிரை வீசுகின்றன. ஆனால் எவ்வளவு சூடோ அதற்கேற்பக் கதிரின் அலைநீளம் மாறுபடும். 27 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள தரை, 10 மைக்ரானை ஒட்டிய அலைநீளத்தில் மிகுதியாகக் கதிர்வீசும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. எரியும் தீயோ 3 அல்லது 4 மைக்ரானில் ஓங்கி வீசும்.

விஞ்ஞானிகள் பயன்படுத்தும் உபாயம் இதுவே. ஏறத்தாழ 727 டிகிரி வெப்பமுள்ள தீயையும் 27 டிகிரித் தரையையும் ஒப்பிட்டுக் கணக்கிட்டால், 11 மைக்ரானில் தீயின் ஒளி தரையைப்போல் சுமார் 30 மடங்கே இருக்கும். 4 மைக்ரானிலோ சுமார் 4,500 மடங்காகும். ஆகவே இரண்டு அலைநீளங்களிலும் ஒரே சதுரத்தைப் பார்க்கிறார்கள். 4 மைக்ரானில் அது அண்டைச் சதுரங்களைவிட மிகவும் ஒளிர்ந்து, 11 மைக்ரானில் அவ்வளவாக ஒளிராவிட்டால், அச்சதுரத்தினுள் எங்கோ சிறு பகுதியில் தீ எரிகிறது என்று கணிப்பொறி முடிவு செய்கிறது. வெயிலில் காய்ந்த தகரக் கூரையும், நீர்ப்பரப்பில் பட்டு மின்னும் சூரிய ஒளியும், இரும்பாலையும், செங்கற் சூளையும் அதை ஏமாற்றக்கூடும். அவற்றை விலக்குவதற்கும் விதிகள் வகுத்திருக்கிறார்கள்.

ஒரு புள்ளி எத்தனை ஏக்கர்?

375 மீட்டருக்கு 375 மீட்டர் என்றால் ஏறத்தாழ 14 ஹெக்டேர். அதாவது சுமார் 35 ஏக்கர். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது மூன்றரை செண்ட் நிலம் மட்டும் மேற்சொன்ன வெப்பத்தில் எரிந்தாலும், தரை வீசும் 4 மைக்ரான் கதிரைக் கொண்டு கணக்கிட்டால் அச்சதுரம் முழுவதும் ஐந்து மடங்குக்கு மேல் ஒளிர வேண்டும். பகலில் சூரிய ஒளி தரையில் பட்டுத் திரும்புவதால் கணக்குச் சற்று மாறும். எனினும் இவ்வளவு சிறிய தீயும் அவ்வளவு உயரத்திலிருந்து அகப்படுவது வியக்கத்தக்கதே.

ஆனால் இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். படத்தில் விழும் புள்ளி, அந்த 35 ஏக்கருக்குள் எங்கோ தீ இருந்தது என்று சொல்லுமேயன்றி, எவர் வயலில் என்று சொல்லாது. 35 ஏக்கருக்குள் பத்துச் சிறு உழவர்களின் நிலம் அடங்கியிருக்கலாம். பக்கத்துக்குப் பக்கமாக இரு வயல்கள் எரிந்தால் ஒரே புள்ளியாகவும் தோன்றலாம். ஆதலால்தான் லூதியானாவில் உள்ள பஞ்சாப் தொலையுணர்வு மையத்திலிருந்து இடக்குறிப்பு கிடைத்ததும், அலுவலர்கள் நேரில் சென்று பார்க்க வேண்டியிருக்கிறது. வானத்துச் சாட்சி ஊரைக் காட்டும், வாசலைக் காட்டாது.

தவறவிடுவதும் உண்டு. மேகம் மூடியிருந்தால் கருவி ஒன்றும் காணாது. மெல்லிய புகை தீயின் கதிரை மறைப்பதில்லை. ஆனால் பனியும் புகையும் கலந்து தடித்த மூட்டத்தைக் கணிப்பொறி மேகம் என்றெண்ணி ஒதுக்கிவிடுவதும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, செயற்கைக்கோள் கடந்து செல்லும் அந்நேரத்தில் தீ எரிந்துகொண்டிருக்க வேண்டும். வைக்கோல் தீயோ சீக்கிரம் பற்றிச் சீக்கிரம் அணைவது.

புகையின் பயணம்

தீயைப் பார்ப்பது ஒரு வேலை. புகையைப் பார்ப்பது வேறொரு வேலை. தீ ஒரு சிறு இடத்தில் இருக்கும். புகை நாடு கடக்கும்.

புகையைப் பார்க்கப் பல வழிகள் இருக்கின்றன. சாதாரண வண்ணப் படத்தில் மேகம் வெண்மையாகவும் புகை சாம்பலும் நீலமும் கலந்தும் தெரியும். 1978இல் ஏவப்பட்ட நிம்பஸ்-7 செயற்கைக்கோளில் ஓசோனை அளக்க வைத்த ஒரு கருவி, எதிர்பாராத பயனொன்றைத் தந்தது. புகைக்கரி புற ஊதாக் கதிரை விழுங்கும் தன்மையுடையது. ஆகவே திரும்பி வரும் புற ஊதாக் கதிர் குறைந்த இடங்களைக் கொண்டு, மேகத்தின்மேல் மிதக்கும் புகையையும் கண்டுகொள்ளலாம் என்று பின்னர் அறிந்தார்கள். 2017இல் ஐரோப்பியர் ஏவிய சென்டினல்-5பி, எரிதலில் பிறக்கும் கார்பன் மோனாக்சைடு வாயுவை அளக்கிறது. 2006 முதல் 2023 வரை பணியாற்றிய கலிப்சோ, லேசர் ஒளியைக் கீழே செலுத்திப் புகை எத்தனை உயரத்தில் நிற்கிறது என்பதை அளந்து காட்டியது.

புகை எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் காட்டுத் தீயே போதிய சான்று. 2019ஆம் ஆண்டின் இறுதியிலும் 2020இன் தொடக்கத்திலும் அங்கே எரிந்த காடுகளின் புகை, கடல் கடந்து நியூஸிலாந்தின் வானத்தை மஞ்சள் நிறமாக்கியது. பின்னர் பசிபிக் மாகடலையும் தாண்டித் தென் அமெரிக்காவை எட்டியது. அதில் ஒரு பகுதி 30 கிலோமீட்டருக்கும் மேலான உயரத்துக்கு ஏறி, உலகைச் சுற்றிப் பயணம் செய்ததைச் செயற்கைக்கோள்கள் பின்தொடர்ந்து பதிவு செய்தன. எங்கோ ஒரு கண்டத்தில் எரிந்ததன் கரி, வேறொரு கண்டத்தின் தலைமேல் நின்றது.

பஞ்சாபின் புகை அவ்வளவு உயரம் ஏறுவதில்லை, அதுவே கேடு. நவம்பர் மாதத்தில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலெழாமல் தேங்கி நிற்கிறது. வடமேற்கிலிருந்து வீசும் மெல்லிய காற்று, புகையைக் கங்கைச் சமவெளியின் வழியே தென்கிழக்காகக் கொண்டு செல்கிறது. வழியில் இருப்பது தலைநகராகிய டெல்லி. வயற்புகை உச்சமாக இருக்கும் சில நாட்களில், டெல்லிக் காற்றிலுள்ள நுண்துகளில் மூன்றில் ஒரு பங்கு அப்புகையால் வந்தது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆண்டின் மற்ற மாதங்களில் அந்நகரின் காற்றைக் கெடுப்பவை அங்கே ஓடும் வாகனங்களும், ஆலைகளும், புழுதியும், குப்பை எரிப்புமே. ஆகவே பழி முழுவதையும் உழவர் தலையில் ஏற்றுவது நியாயமன்று. எனினும் அந்தச் சில வாரங்களில் புகையை முதலில் சுவாசிப்பவர்கள் டெல்லி மக்கள் அல்லர். தீ இட்டவரின் மனைவி மக்களும், அவ்வூர்ப் பள்ளிப் பிள்ளைகளுமே ஆவர்.

எண் குறைந்தது, புகை குறைந்ததா?

இப்போது விவகாரத்துக்கு வருவோம். ஆண்டுதோறும் செப்டம்பர் 15 முதல் நவம்பர் 30 வரை, புது டெல்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் செயற்கைக்கோள் கண்ட தீக்களை எண்ணி நாள்தோறும் அறிக்கை விடுகிறார்கள். பஞ்சாபில் 2021ஆம் ஆண்டு 71,304, 2022இல் 49,922, 2023இல் 36,663, 2024இல் 10,909, 2025இல் 5,114 என்று அவ்வெண்ணிக்கை இறங்கி வந்திருக்கிறது. நான்கே ஆண்டுகளில் பதினாலில் ஒரு பங்காகக் குறைந்தது என்றால், இதைவிட மகிழ்ச்சியான செய்தி வேறென்ன?

ஆனால் விஞ்ஞானிகள் சிலருக்கு ஓர் ஐயம் எழுந்தது. தீப்புள்ளிகள் குறைந்த அளவுக்குப் புகை குறையவில்லை. வானில் மிதக்கும் துகள்களின் அடர்த்தியை அளக்கும் கருவிகள் அத்தகைய வீழ்ச்சியைக் காட்டவில்லை. நெருப்பில்லாமல் புகையாது என்ற பழமொழியே விஞ்ஞானக் கேள்வியாகி வந்து நின்றது.

விடையைக் காட்டியது வேறொரு வகைச் செயற்கைக்கோள். பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் கோள், பூமி சுழலும் வேகத்திலேயே தானும் சுற்றுவதால், ஒரே இடத்தில் அசையாது நிற்பதுபோல் தோன்றும். நமது நாட்டின் இன்சாட் வானிலைக் கோள்களும் 2018இல் ஏவப்பட்ட கொரியாவின் ஒரு கோளும் இத்தகையவை. இவை பகலெல்லாம் சில நிமிடங்களுக்கு ஒரு முறை அல்லது அரைமணிக்கு ஒரு முறை படம் எடுத்துக்கொண்டே இருக்கும். கொரியக் கோளின் படங்களை 2024இல் ஆராய்ந்தபோது, வயல் தீ உச்சம் பெறுவது பகல் ஒன்றரை மணிக்கன்று, மாலை ஐந்து மணியை ஒட்டி என்று புலனாயிற்று. துருவப் பாதையில் செல்லும் கோள்கள் பார்த்துவிட்டுப் போன பின்னரே பெரும்பகுதி தீ எழுந்திருக்கிறது.

செயற்கைக்கோள் கடக்கும் நேரம் அறிந்து அதன்பின் கொளுத்துகிறார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. 2024 நவம்பரில் இச்செய்தி உச்ச நீதிமன்றம் வரை சென்றது. நாள் முழுவதும் பார்க்கும் நிலைத்த கோள்களின் தகவலையும் பெற வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. எரிந்த பின் நிலத்தில் படியும் கருமையை அளந்து 2025ஆம் ஆண்டின் இறுதியில் வெளியான ஓர் ஆய்வின்படி, பஞ்சாபில் எரிந்த பரப்பு, உச்சத்திலிருந்த ஆண்டோடு ஒப்பிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அளவே குறைந்திருக்கிறது. இக்குறைவும் மெய்யான முன்னேற்றமே. உழவர் பலர் தீயைக் கைவிட்டிருக்கிறார்கள் என்பது அதனால் விளங்கும். ஆனால் எண்ணிக்கை சொன்ன முன்னேற்றம் அன்று.

நிலைத்த கோளைக் கொண்டே எல்லாவற்றையும் முடித்துவிடலாமே எனின், அதற்கும் ஒரு குறையுண்டு. தொலைவு மிகுதியாதலால் அதன் பார்வை கூர்மையற்றது. இன்சாட் கோளின் ஒரு சதுரம் 4 கிலோமீட்டர். அஃது ஏறத்தாழ 4,000 ஏக்கர். சிறு தீ அதில் கரைந்துவிடும். அருகில் வரும் கண் வந்த கணமே போய்விடுகிறது. நிலைத்து நிற்கும் கண்ணுக்கோ தூரம் தடையாகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதும், எரிந்த வடுவை அளப்பதும், தரையில் காற்றைச் சோதிப்பதும் ஒன்றுகூடினால்தான் உண்மை தெரியும்.

இரண்டு வகை அறிவிப்பு

இவ்விடத்தில், இதே கருவி காட்டில் எவ்வாறு பயன்படுகிறது என்பதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். டேராடூனிலுள்ள இந்திய வன அளவைத் துறை, 2004ஆம் ஆண்டு முதல் செயற்கைக்கோள் கண்ட காட்டுத் தீயை மாநில வனத் துறைகளுக்கு அறிவித்து வருகிறது. 2017 முதல் 375 மீட்டர் நுண்மையுள்ள தகவலும் சேர்க்கப்பட்டது. இன்ன சரகத்தில், இன்ன பகுதியில் தீ என்று கைப்பேசியில் குறுஞ்செய்தி போகிறது. விருப்பமுள்ள பொதுமக்களும் பதிவு செய்துகொண்டால் அவ்வறிவிப்பைப் பெறலாம். மலையோர ஊர்களில் நிலமுள்ள நமது அங்கத்தினர்களுக்கு இது பயன்படும்.

அங்கும் கோளின் வரம்பு வரம்பே. 2018 மார்ச் 11ஆம் தேதி தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் பரவிய தீயில், மலையேறச் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காய்ந்த புல் நிறைந்த சரிவில் தீ நிமிடக் கணக்கில் ஓடும். நாளுக்குச் சில முறையே கடந்துபோகும் கண்ணை நம்பி அத்தகைய சரிவில் எவரும் நிற்க இயலாது. காட்டை அறிந்த ஊராரும் வனக் காவலருமே முதல் காவல்.

எனினும் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. காட்டில் புள்ளி விழுந்தால் அது உதவியை அழைக்கிறது. தீயணைக்க ஆட்கள் விரைகிறார்கள். வயலில் புள்ளி விழுந்தால் அது தண்டனையை அழைக்கிறது. 2024 நவம்பரில் மத்திய அரசு அபராதத்தை இரு மடங்காக்கியது. 2 ஏக்கருக்குக் குறைந்த நிலமுடையவருக்கு 5,000 ரூபாய். 2 முதல் 5 ஏக்கருக்குள் 10,000 ரூபாய். 5 ஏக்கருக்கு மேல் 30,000 ரூபாய் என்பது விதி. உதவிக்கு வரும் கண்ணிடமிருந்து எவரும் ஒளிவதில்லை. தண்டிக்க வரும் கண்ணுக்கு மறைவாகவே மனிதர் நடந்துகொள்வர். ஒன்றரை மணிக்கு எரிந்த தீ ஐந்து மணிக்கு நகர்ந்தது என்ற குற்றச்சாட்டு உண்மையாயின், அதிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் இதுவே. சட்டம் வேண்டாம் என்பது நமது கருத்தன்று. சட்டம் மட்டும் போதாது என்பதே நமது கருத்து.

சங்கம் செய்யக்கூடியது

வைக்கோலைக் கொளுத்தாமலே கோதுமை விதைக்க வழி இருக்கிறது. பஞ்சாப் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் ஆஸ்திரேலியாவின் உதவியோடு உருவான ‘ஹாப்பி சீடர்’ என்னும் விதைப்பு யந்திரம், முன்னால் நிற்கும் தாளை வெட்டி எடுத்து, மண்ணில் விதையை இட்டு, வெட்டிய தாளை அதன்மேலேயே மூடாக்காகப் போட்டுச் செல்கிறது. ஈரமும் காக்கப்படுகிறது, களையும் குறைகிறது. ஒரு டன் நெல் வைக்கோலில் ஏறத்தாழ 5.5 கிலோ தழைச்சத்தும், 2.3 கிலோ மணிச்சத்தும், 25 கிலோ சாம்பற்சத்தும் அடங்கியிருப்பதாகக் கணக்கு. கொளுத்தினால் தழைச்சத்து பெரும்பாலும் புகையோடு போய்விடுகிறது. மூடாக்காக விட்டால் நாளடைவில் மண்ணுக்குத் திரும்புகிறது. உரக்கடையில் கடன் சொல்லி வாங்குவதை, வயலிலேயே ஒரு பகுதி எரித்துவிடுகிறோம் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் இந்த யந்திரத்துக்கு வலிமை மிக்க டிராக்டர் வேண்டும். நாளொன்றுக்கு அது 6 முதல் 8 ஏக்கர் வரைதான் விதைக்கும். ஆண்டில் இருபது நாளே அதற்கு வேலை. மீதி நாளெல்லாம் கொட்டகையில் நிற்கும். மூன்று ஏக்கர் உழவர் ஒருவர் இதைத் தனியே வாங்குவது எவ்வாறு இயலும்? இங்கேதான் கூட்டுறவு நுழைகிறது. 2018ஆம் ஆண்டில் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தில், இத்தகைய யந்திரங்களைத் தனி உழவர் வாங்கினால் விலையில் 50 சதவீதமும், கூட்டுறவுச் சங்கம் வாங்கினால் 80 சதவீதமும் மானியம் தரப்பட்டது. சங்கத்துக்கு அதிகம் கொடுத்ததன் காரணம் வெளிப்படை. சங்கத்தின் யந்திரம் ஒருவர் வயலோடு நிற்பதில்லை.

கணக்குப் பார்ப்போம். நாளைக்கு 7 ஏக்கர் வீதம் இருபது நாளில் ஒரு யந்திரம் 140 ஏக்கரை முடிக்கும். ஓர் ஊரில் 700 ஏக்கர் இருந்தால் ஐந்து யந்திரம் வேண்டும். ஒன்றே இருந்தால், ஐந்தில் நால்வர் காத்திருப்பர். காத்திருக்கும்போது நவம்பர் நடுப்பகுதி வந்துவிடும். கை தீக்குச்சியைத் தேடும். ஆகவே யந்திரம் வாங்குவதோடு சங்கத்தின் வேலை முடிவதில்லை. எவர் வயல் எந்நாளில் அறுவடையாகும் என்று முன்கூட்டியே பட்டியல் எழுதி, சிறு நிலத்தாரைக் கடைசிக்குத் தள்ளாமல் முறை வைத்து அனுப்ப வேண்டும். வாடகையை அறுவடைப் பணம் வந்தபின் வசூலிக்கலாம். தறிக்காரர் ஒருவர் நூலைப் பேல் கணக்கில் வாங்க முடியாத காலத்தில், சங்கம் வாங்கிப் பங்கிட்டுக் கொடுத்ததால் அல்லவா பல வீடுகளில் தறி நிற்காமல் ஓடிற்று? அதே முறைதான் இதுவும்.

நம் பக்கத்தில் நெல் வைக்கோலுக்கு மதிப்புண்டு என்று மேலே சொன்னோம். ஆனால் கரும்பு வெட்டிய தோட்டங்களில் சோகையைக் கொளுத்தும் வழக்கம் நம்மிடமும் இருக்கிறது. மேலே கடந்து செல்லும் அக்கண்களுக்கு நமது தோட்டத்துத் தீயும் அகப்படும். அபராதம் வந்த பிறகு யோசிப்பதைவிட, இப்போதே யோசிப்பது நலம். சோகையைப் பொடியாக்கும் கருவியைச் சங்கத்தின் பேரில் பெற இயலுமா, எத்தனை ஏக்கருக்கு ஒன்று வேண்டும், கரும்பு வெட்டு நாட்களின் பட்டியலை எவர் எழுதுவது என்பவற்றை அடுத்த மகாசபைக் கூட்டத்தில் ஒரு பொருளாக வைக்கும்படி விளைச்சல்காரர் அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

வானத்திலுள்ள கண் பொய் சொல்வதில்லை. ஆனால் அது பார்த்த நேரத்தில் பார்த்ததை மட்டுமே சொல்லும். ஏன் எரிந்தது என்று அதற்குத் தெரியாது. எரியாமல் இருக்க என்ன வேண்டும் என்பதும் தெரியாது. அவை இரண்டும் வயலுக்கு உரியவருக்குத் தெரியும்; அவருடைய சங்கத்துக்கும் தெரிந்திருக்க வேண்டும்.